ரீஸ்டார்ட் போடுவதற்கு முன்

நெட் நின்றுபோனால் எல்லா வீட்டிலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: சுவிட்சை அணைத்துப் போடுவது. பாதி நேரம் சரியாகியும் விடுகிறது. அதுதான் தொல்லை. எதனால் நின்றது, எதனால் வந்தது என்று இரண்டுமே தெரியாமல் போய்விடும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும். அணைப்பதற்கு முன் பாக்ஸில் எந்த விளக்கு எரிகிறது, எது மினுக்குகிறது என்று ஒரு பார்வை பார்த்து, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் போட்ட அடுத்த நொடி அந்தத் தடயம் அழிந்துவிடும்.

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் வீட்டு நெட்டையும் கம்ப்யூட்டரையும் கெடுப்பவை பெரும்பாலும் வைரஸோ சாஃப்ட்வேரோ அல்ல. ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று, மாதக்கணக்கில் விடாத சாரல் ஈரம், சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இறங்குகிற இடி, எர்த் சரியில்லாத பழைய வயரிங் ஆகியவைதான். ஆகவே தேடல் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்: தெருவில் வருகிற வயர், பாக்ஸ், பாக்ஸின் அடாப்டர், வைஃபை, கடைசியாகக் கம்ப்யூட்டர். நம்மில் பலர் கம்ப்யூட்டரில் ஆரம்பித்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டு, பிறகுதான் வெளியே வயர் அறுந்து தொங்குவதைப் பார்க்கிறோம்.

இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் வந்து சேருகிற வெள்ளைப் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர்; நம் ஊரில் மோடம் என்றோ பாக்ஸ் என்றோதான் சொல்வோம். அதில் இரண்டு விளக்குகளைப் பார்த்தால் போதும். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். நூறு தடவை ரீஸ்டார்ட் போட்டாலும் அது வராது. எல்.ஓ.எஸ். அணைந்திருந்து, பான் என்கிற விளக்கு மட்டும் விடாமல் மினுக்கினால் ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனைக் கருவி உங்கள் பாக்ஸைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பான் நிலையாகப் பச்சையில் நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருந்தால் லாகின் சிக்கல். பிளான் முடிந்திருக்கலாம், அல்லது பழைய இணைப்பு சர்வரில் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். இந்த இடத்தில்தான் ரீஸ்டார்ட்டுக்கு மரியாதை. அதையும் உடனே போடாமல், அணைத்து ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள்.

பாக்ஸின் பின்னால் ஊசித் துளைக்குள் இருக்கிற ரீசெட் பட்டனை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் அழுத்தினால் லாகின் பெயர், பாஸ்வேர்டு, இணைப்புக்காரர் உள்ளே போட்டு வைத்த எண்கள் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். அதன் பிறகு ஆள் வந்து உட்கார்ந்தால்தான் நெட். லீவுக்கு வந்த பிள்ளைகள் செய்கிற வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் வயரை வீட்டுக்குள்ளிருந்து வாசல் வரை கண்ணால் தொடருங்கள். பாக்ஸுக்குள் நுழைகிற மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர்தான் பேட்ச் கார்டு. அதன் முனையில் பச்சை நிறப் பிளக் இருக்கும். பீரோவை நகர்த்தும்போது நசுங்குவதும், ஆணியில் மாட்டி மடக்கி வைப்பதும் இதைத்தான். ஃபைபரை விரல் கனத்துக்கு மடக்கினாலே ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். சுருட்டுவதானால் காபி டம்ளர் வாயளவுக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டுங்கள். பச்சைப் பிளக்கின் முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலப் பிளக்கின் முனை நேரானது. அவசரத்துக்கு நீல முனை வயரைப் பச்சைத் துளையில் சொருகினால் உள்ளே போய்விடும், ஒளி மட்டும் பாதியில் சிதறிவிடும். முனையை விரலால் தொடக் கூடாது, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

காற்றுக் காலத்தில் வேறொரு வகைக் கோளாறு வரும். நெட் முழுக்கப் போகாது. மத்தியானம் காற்று ஏறினால் போகும், ராத்திரி அடங்கினால் வரும். போஸ்டிலிருந்து வீட்டுக்கு வருகிற வயர் ஆடி ஆடி, ஜாயின்ட் இருக்கிற இடத்தில் தளர்ந்திருக்கும். அல்லது தென்னை மட்டை விழுந்து இழுத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எண் உதவும். பிரவுசரில் பாக்ஸின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, அடித்து, பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கிற பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனால், ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர், அதாவது வந்து சேருகிற ஒளியின் வலு, டி.பி.எம். என்ற அளவில் ஒரு மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு விட்டு விட்டு வரும். அதைத் தாண்டினால் எல்.ஓ.எஸ். ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது என்று கணக்கு. நெட் நன்றாக இருக்கிற நாளில் அந்த எண்ணைப் பார்த்து பாக்ஸின் மேலேயே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள். மைனஸ் 20 இருந்தது 26 ஆகிவிட்டால் வயரில்தான் வியாதி. வேறு எங்கும் தேட வேண்டாம்.

லைன்மேனுக்குப் போன் பண்ணும்போது "அண்ணாச்சி, நெட் வரல" என்று மட்டும் சொன்னால், "ஆஃப் பண்ணிப் போடுங்க" என்றுதான் பதில் வரும். "அண்ணாச்சி, எல்.ஓ.எஸ். சிவப்பா மினுக்குது, உள் வயர் எங்கயும் மடங்கல, நேத்து வரைக்கும் மைனஸ் 20 இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அறுந்த ஃபைபரை ஒட்டுகிற ஸ்பிளைசிங் மெஷினோடு நேராக வந்து நிற்பார். அவருக்கும் ஒரு நடை மிச்சம்.

விளக்குகள் எல்லாம் சரி, ஆனாலும் பாக்ஸ் நாளுக்கு நாலு தடவை தானாக அணைந்து எரிகிறது என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கிற கப்பாசிட்டர் வெப்பத்தில் காய்ந்து, பளு ஏறும்போது 12 வோல்ட்டைப் பிடித்து நிறுத்த முடியாமல் போகும். ராத்திரி எல்லோரும் படம் பார்க்கும்போது மட்டும் பாக்ஸ் அணைகிறதா? அடாப்டரேதான். புதிது வாங்கும்போது வோல்ட் அச்சாக அதே எண் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பாக்ஸ் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்றால் 12 வோல்ட் 2 ஆம்பியர் தாராளமாகப் போடலாம். செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் 1 ஆம்பியரைப் போட்டால் விளக்கு எரியும், ஆனால் பாக்ஸ் நிலையாக ஓடாது.

பாக்ஸில் குறையில்லை, கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை என்றால் மூன்று கேள்வி கேட்டால் போதும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பி, ஐ, என், ஜி என்ற நான்கு எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு 192.168.1.1 அடியுங்கள். பதில் வராவிட்டால் கம்ப்யூட்டருக்கும் பாக்ஸுக்கும் நடுவில்தான் கோளாறு. பதில் வந்தால் அதே இடத்தில் 8.8.8.8 அடியுங்கள். அதற்கும் வந்துவிட்டால் வெளி உலகம் வரை வழி திறந்திருக்கிறது. பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயரை அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டி.என்.எஸ்.ஸில் கோளாறு, நெட்வொர்க் செட்டிங்ஸில் டி.என்.எஸ். இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கையால் போட்டால் தீரும். கம்ப்யூட்டரின் ஐ.பி. எண் 169.254 என்று ஆரம்பித்தால், பாக்ஸ் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. வயரைக் கழற்றி மாட்டுங்கள். வைஃபை என்றால் அந்தப் பெயரை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

எல்லாத் தளத்திலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாக எச்சரிக்கை வந்தால் முதலில் மூலையில் இருக்கிற தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் போர்டு பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் வேறு வருஷத்தில் இருந்தால் எதையும் நம்பாது. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எழுத்து இருக்கிற பக்கம் மேலே வருகிற மாதிரி போடுங்கள்.

வைஃபை விஷயம் நம் பக்கத்து வீடுகளின் அமைப்போடு சம்பந்தப்பட்டது. செங்கோட்டை அக்ரஹாரமோ, தென்காசியின் பழைய தெருக்களோ, வீடு அகலம் குறைவாகவும் நீளம் கூடுதலாகவும் இருக்கும். முன்கட்டில் பாக்ஸ், நடுவில் கனத்த சுவர், பின்கட்டில் படிக்கிற பிள்ளை. வயர் வாசல் வழியாக வருகிறது என்பதற்காக வாசல் மூலையிலேயே பாக்ஸை ஆணியடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதி சிக்னல் தெருவுக்குப் போகிறது, மீதி சுவரில் சாகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளே போகும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே அலையில் கூச்சல் போடும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர் டிரம் மூன்றும் சிக்னலை மறிக்கும். பாக்ஸை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் ஆள் உயரத்துக்கு மேலே, வீட்டின் நடுப்பக்கம் நகர்த்தினாலே பல வீடுகளில் பிரச்சினை தீரும். இணைப்புக்காரரிடம் ஃபைபரையே உள்ளே நீட்டித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் முனகுவார், செய்து தருவார்.

2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. 3, 4, 8 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்களுக்கு.

பின்கட்டுக்கு ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் அதிகம். மலிவான ரிப்பீட்டர் கேட்பதும் பேசுவதும் ஒரே அலையில்தான், எனவே வேகம் பாதியாகும். அதுவும் அதற்கு வந்து சேருகிற பலவீனமான சிக்னலில் பாதி. என் அபிப்பிராயத்தில் அந்தக் காசுக்கு இருபது மீட்டர் லேன் வயர் வாங்கி, பரணில் தூங்குகிற பழைய ரூட்டரைப் பின்கட்டில் வைப்பது எவ்வளவோ மேல். செய்முறை இது. பழைய ரூட்டரைத் தனியாகக் கம்ப்யூட்டரில் மாட்டி உள்ளே போங்கள். அதன் லேன் ஐ.பி.யை 192.168.1.2 என்று மாற்றுங்கள். கருவிகளுக்கு எண்களைப் பகிர்ந்து கொடுக்கிற டி.எச்.சி.பி.யை அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன்கட்டில் இருப்பதையே கொடுங்கள்; சேனல் மட்டும் வேறு, அங்கே 1 என்றால் இங்கே 11. முதல் பாக்ஸ் 2 முதல் 254 வரை எண்களைப் பகிர்ந்து கொடுப்பதாக இருந்தால் அதை 10 முதல் என்று திருத்திவிடுங்கள், இல்லையென்றால் ஏதோ ஒரு போனுக்கு 2 போய் மோதும். கடைசியாக, முன்கட்டிலிருந்து வருகிற வயரைப் பழைய ரூட்டரின் லேன் துளைகளில் ஒன்றில் சொருகுங்கள். வேன் என்று தனி நிறத்தில் இருக்கிற துளையில் அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அங்கே சொருகிவிட்டு, இரண்டு ரூட்டரும் ஒரே எண் வரிசையில் முட்டிக்கொண்டு நிற்க, நெட் வரவில்லை என்பார்கள்.

லேன் வயர் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும்; அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். பிளான் 200 மெகாபிட், ஆனால் ஸ்பீடு டெஸ்ட் எப்போது பார்த்தாலும் 94-ஐத் தாண்டவே இல்லை என்றால், நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பிளக் சரியாக அடிக்கப்படவில்லை. கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள். பிளக் அடிக்கிற வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பாதி விலைக்குக் கிடைக்கும், நாலு தடவை வளைத்தால் உள்ளேயே ஒடியும்.

கரண்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது என்று சொல்லாத வீடு குறைவு. கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, வீட்டில் எர்த் இல்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றித் தருகிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ஒவ்வொரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும், இரைச்சலை எர்த்துக்குக் கடத்த. எர்த் இல்லாவிட்டால் கேபினட் இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். அந்த நிலையில் மானிட்டர் வயரையோ லேன் வயரையோ சொருகினால் துளையில் பொறி பறந்து, அந்தப் பக்கத்து ஐ.சி. போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். நடு எண் தள்ளாடினால் எர்த் அறுந்திருக்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகுகிற பழக்கத்தை அன்றோடு விடுங்கள்.

காற்றுக் காலத்தின் பெரிய ஆபத்து போஸ்டில் நியூட்ரல் அறுவதுதான். அறுந்தால் சில வீடுகளில் லைட் மங்கும், சில வீடுகளில் பளீரென்று எரியும். பளீரென்று எரிகிற வீட்டில் வோல்டேஜ் முந்நூறைத் தாண்டி 400-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. எம்.சி.பி. இதற்கு விழாது, அது கூடுதல் ஆம்பியருக்கு மட்டும்தான் விழும். லைட் திடீரென்று பிரகாசமானால் காரணம் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

இடிக்கு சுவிட்சை அணைப்பது காவல் ஆகாது. சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், மற்ற இரண்டும் வழியாக இருக்கும். மானம் கறுத்து முதல் முழக்கம் கேட்டதும் பிளக்கையே உருவிவிடுங்கள். லேன் வயரையும், டி.வி. கேபிளையும் சேர்த்து. ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது, உண்மைதான். ஆனால் போஸ்டிலிருந்து வருகிற கறுப்பு வயரில் ஃபைபரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அது வாசல் கொக்கியோடு வெட்டி விடப்பட்டிருக்க வேண்டும், பாக்ஸ் வரை உள்ளே வரக் கூடாது. மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும், தோட்ட அறைக்கும் வெளியே லேன் வயர் இழுத்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் எரிகிறது. பக்கத்தில் எங்கோ இறங்கிய இடியே போதும், அந்த நீள வயரில் வோல்டேஜ் தூண்டப்பட்டு இரண்டு முனையும் போகும். வெளியே போகிற தூரத்துக்கு ஃபைபரும் இரண்டு முனையிலும் ஒளியையும் லேன் சிக்னலையும் மாற்றித் தருகிற மீடியா கன்வெர்ட்டரும் போடுவது நல்லது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறுகிற கண நேரத்தில் பாக்ஸ் அணைந்து, மறுபடி மூன்று நிமிஷம் நெட் இல்லையா? இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் பல மாடல்களில் உண்டு. யு.பி.எஸ். பக்கம் தள்ளினால் மாறுகிற நேரம் சில மில்லி செகண்டுக்குக் குறையும். அதற்கு விலையும் உண்டு: லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவென்றால் நார்மலிலேயே விட்டு, பாக்ஸுக்கு மட்டும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள்.

சாரல் மாதங்களில் டெஸ்க்டாப் ஃபேன் மட்டும் சுற்றி, திரையில் ஒன்றும் வராமல் நிற்பது ஈரத்தின் வேலை. பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் டக்கென்று பூட்டுகிற வரை அழுத்துங்கள். பத்தில் எட்டு இதிலேயே எழுந்துவிடும். மழை மாதங்களில் வாரத்துக்கு அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது.

மெதுவாக ஓடுகிறதென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். ஒன்றும் செய்யாமலே அது 100-இல் நிற்க, சி.பி.யூ. பத்தில் கிடந்தால் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். படங்களையும் பத்திரங்களையும் முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி. போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு செலவைத் தீர்மானியுங்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும் (மேலே சொன்ன ஒளி அளவு அல்ல), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர் அதன் பட்டியலில் அநேகமாக இல்லை.

கடைசியாக எல்லைக்காரர்களுக்கு மட்டுமான தொல்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா வேறு வட்டம். புளியரை தாண்டிக் கோட்டைவாசல் பக்கம் போகப் போக, போன் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கோடு முழுசாக இருக்கும், பேச முடியும், நெட் மட்டும் வராது. சிக்னலுக்குப் பக்கத்தில் ஆர் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். செட்டிங்ஸில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கும். அதைப் போட்டால் வந்துவிடும். சிம் போடுகிற வைஃபை பெட்டி வைத்திருப்பவர்கள் அதே சுவிட்சைப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் தேட வேண்டும், போனில் அல்ல. ஒரு தடவை கேரள டவரைப் பிடித்த போன் இந்தப் பக்கம் திரும்பி வந்த பிறகும் உடனே மாறாது. ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தால் புதிதாகத் தேடும். கூகுள் திடீரென்று மலையாளத்தில் வருவதும் இப்படித்தான், ஐ.பி. எண்ணின் இருப்பிடத்தை அது கேரளா என்று நினைத்துக்கொள்கிறது. மொழியைச் செட்டிங்ஸில் ஒரு தடவை தமிழ் என்று வைத்தால் போதும். வைஃபை பெட்டியை மேற்கு ஜன்னலில் வைக்காமல் கிழக்கு ஜன்னலில் வையுங்கள், ஜன்னலின் இரும்புக் கம்பியை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. ஜன்னலுக்கு ஜன்னல் ஸ்பீடு டெஸ்ட் பார்க்கும்போது ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு தடவை பாருங்கள். காலையில் வருகிற எண்ணை நம்பி இடத்தை முடிவு செய்ய வேண்டாம்.